பிரியும் உயிரணுவைக் காட்டிக் கொடுக்கும் எதிர்ப்பொருள்

மார்பில் கட்டி. மருத்துவர் சிறு துண்டுச் சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறார். முடிவு வரும்வரை குடும்பத்தில் யாருக்கும் தூக்கம் இல்லை. அந்த நாட்களில் ஆய்வுக்கூடத்தில் நடப்பது என்ன?

அங்கே செய்யப்படும் வேலைகளில் ஒன்று எண்ணுவது. புற்றுநோய் என்று தெரிந்தால், எத்தனை உயிரணுக்கள் இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கின்றன என்று நுண்பெருக்கியில் பார்த்து எண்ணுவார்கள். நோயின் வேகத்தைத் தரம் பிரிக்க இந்தக் கணக்கு உதவுகிறது. ஆனால் ஒரு சிக்கல்: செத்துக்கொண்டிருக்கும் உயிரணுவும் சில நேரம் பிரியும் உயிரணுவைப் போலவே தோன்றும்.

இரண்டையும் பிரித்தறிய ஓர் அடையாளம் உண்டு. உயிரணு பிரியும் வேளையில், அதிலுள்ள பல புரதங்களின்மீது பாஸ்பேட் என்ற சிறு கூறு ஒட்டிக்கொள்கிறது. புரதம் பழையதுதான், அதன் வேலைதான் மாறுகிறது. பிரிந்து முடிந்ததும் பாஸ்பேட் கழன்றுவிடும். இந்தச் சின்ன மாற்றத்தை எப்படிப் பார்ப்பது?

வழி பிறந்தது 1975இல். கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலர், சீசர் மில்ஸ்டைன் இருவரும் எதிர்ப்பொருள் சுரக்கும் எலி உயிரணுவைப் புற்று உயிரணுவோடு இணைத்தனர். அந்தக் கலப்பு உயிரணு சாகாமல் பெருகி, ஒரே வகை எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டே இருந்தது. 1984இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த முறையை அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் பி.என். ராவ் குழுவினர் கையாண்டனர். பிரிந்துகொண்டிருந்த மனித உயிரணுக்களின் சாற்றை எலிகளுக்குச் செலுத்தி, எம்.பி.எம்.-2 என்ற எதிர்ப்பொருளை உருவாக்கி 1983இல் வெளியிட்டனர். ஒளிரும் சாயத்தோடு பார்த்தபோது, பிரியும் உயிரணுக்கள் தனியே பளிச்சிட்டன. நொதியைக் கொண்டு பாஸ்பேட்டை நீக்கியதும் எதிர்ப்பொருள் ஒட்டவில்லை. அது தேடிப் பிடித்தது பாஸ்பேட் ஒட்டிய புரதங்களையே என்பது இதனால் தெளிவானது.

இன்று, மரபுப்பொருளைச் சுற்றி வைத்திருக்கும் ஹிஸ்டோன் எச்3 என்ற புரதத்தில் ஒட்டும் பாஸ்பேட்டைக் கண்டுபிடிக்கும் எதிர்ப்பொருள்களும் உண்டு. கண்ணுக்குக் குழப்பமான இடங்களில் இவை மருத்துவருக்குக் கைகொடுக்கின்றன.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. தோலிலும் குடலிலும் நல்ல உயிரணுக்கள் அன்றாடம் பிரிகின்றன. ஆகவே, பிரிவதெல்லாம் புற்று அல்ல. எதிர்ப்பொருள் காட்டுவது அடையாளத்தை மட்டுமே. நோயைத் தீர்மானிப்பது மருத்துவரின் முழுப் பரிசோதனை. அறிக்கை கைக்கு வந்ததும் அதிலுள்ள எண்ணைக் கண்டு கலங்காமல், அதன் பொருளை மருத்துவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.