பூட்டில்லாத கைத்துப்பாக்கி

கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் இந்தியா என்ற பொதுத்துறை நிறுவனம், 2023 ஆகஸ்ட் 18 அன்று ‘பிரபல்’ என்ற ரிவால்வரை வெளியிட்டபோது, 50 மீட்டர் தொலைவு வரை சுடும் உள்நாட்டு ரிவால்வர் என்று நாளிதழ்கள் அதைக் கொண்டாடின. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், அரைக்கிலோ எடையில், டைட்டானியம் கலப்புலோகத்தில் வந்த ‘நிர்பீக்’ பெண்களின் பாதுகாப்புக்கென்றே செய்யப்பட்டதாக விளம்பரப்படுத்தப்பட்டது. அதன் விலையோ ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாயைத் தாண்டியிருந்தது. இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம், போடிநாயக்கனூரிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறி இறங்கும் உரிமதாரர்களிடையே, பழைய ரிவால்வரைக் கொடுத்துவிட்டு இடுப்பில் அடக்கமாக நிற்கும் நவீன பிஸ்டலுக்கு மாறினால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பே. அதற்கான விடையின் பெரும்பகுதி, குழலின் துளை விட்டத்தைக் குறிக்கும் ஓர் எண்ணில், அதாவது ‘பாயின்ட் த்ரீ டூ’ என்று வழக்கில் சொல்லப்படும் 0.32 அங்குலத்தில் அடங்கியிருக்கிறது.

இந்திய ஆயுதச் சட்டம் 1959-இன்கீழ் இப்போது நடைமுறையில் உள்ள 2016-ஆம் ஆண்டு விதிகளில், படையினரின் 9 மி.மீ. தோட்டாவை ஏற்கும் கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்ட துளையினவாக வைக்கப்பட்டுள்ளன. மாவட்ட ஆட்சியரின் உரிமத்தைக் கொண்டு சாதாரணக் குடிமகன் வாங்கக்கூடியவற்றுள் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது அரசுத் தொழிற்சாலைகள் செய்யும் .32 ரிவால்வரும் .32 பிஸ்டலுமே. இவ்விரண்டும் ஒரே எண்ணைத் தாங்கியிருந்தாலும், ரிவால்வருக்கு உரியது விளிம்புள்ள நீண்ட தோட்டா, பிஸ்டலுக்கு உரியது 17 மி.மீ. நீளக் கூடே கொண்ட குட்டைத் தோட்டா என்பதால், துப்பாக்கியை மாற்றுபவர் தோட்டாவையும் மாற்றியே ஆகவேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க இயலாது. உரிமத்தில் எழுதப்பட்ட எல்லை தமிழ்நாட்டோடு முடிகிறதென்றால், போடிமெட்டுச் சோதனைச் சாவடிக்கு அப்பால், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கும் சொந்தத் தோட்டத்துக்குக்கூட அதைக் கொண்டுசெல்ல முடியாது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சட்டம் வகுத்த இந்தத் துளை அளவு, துப்பாக்கியின் உள்ளமைப்பையே தீர்மானித்துவிடுகிறது என்பதுதான் இதில் வியந்து நின்று பார்க்கவேண்டிய செய்தி. பிஸ்டலின் மேற்புறத்தில் முன்னும் பின்னும் நழுவும் எஃகுக் கூட்டை ஸ்லைடு என்பர். தோட்டா வெடித்ததும் இது பின்னோக்கி ஓடி, வெறுங்கூட்டை வெளியே எறிந்துவிட்டு, திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. .32 பிஸ்டலில் ஸ்லைடுக்கும் குழலுக்கும் இடையே பூட்டு எதுவும் கிடையாது. குழல் துப்பாக்கியின் உடற்சட்டத்தோடு அசையாமல் நிற்க, தோட்டாவின் அடிப்பகுதியை ஸ்லைடு வெறுமனே முட்டிக்கொண்டிருக்கிறது. வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 1,600 மடங்கு வரை அழுத்தம் எழக்கூடிய ஓர் அறையின் கதவு தாழ்ப்பாளே இல்லாமல் நிற்கிறது என்றால், அது எப்படித் தாங்குகிறது?

ஸ்லைடை முன்னோக்கித் தள்ளும் சுருள்வில்தான் தாங்குகிறது என்று பலரும் நினைக்கின்றனர்; ஆனால் அந்தக் கணத்தில் வில்லின் பங்கு மிகச் சிறிது. தாங்குவது ஸ்லைடின் எடை. குண்டு 4.6 கிராம், ஸ்லைடு சுமார் 300 கிராம் என்று வைத்துக்கொண்டு, வெடிமருந்து வாயுவின் சிறுபங்கை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், குண்டைவிட ஸ்லைடு 65 மடங்கு கனமானது; ஆகவே குண்டு முன்னால் ஓடும் தொலைவில் 65-இல் ஒரு பங்குதான் ஸ்லைடு பின்னால் நகரும். குண்டு குழலுக்குள் 8 செ.மீ. ஓடி வாயைக் கடக்கும் நேரத்தில் ஸ்லைடு நகர்ந்திருப்பது ஒன்றேகால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 17 மி.மீ. நீளமுள்ள பித்தளைக் கூடு அவ்வளவு சிறிதே வெளியே வந்திருப்பதால், அதன் தடித்த அடிச்சுவர் இன்னும் குழலின் அறைக்குள்ளேயே இருக்கிறது. குண்டு வெளியேறியதும் அழுத்தம் விழுந்துவிடுகிறது. அதற்குள் ஸ்லைடு பெற்றுவிட்ட வேகமே மீதி வேலையையெல்லாம் முடித்துவிடுகிறது.

இந்த அமைப்பை இட்லிக் கொப்பரையின் மூடியோடு ஒப்பிடலாம். அந்த மூடிக்குப் பூட்டில்லை. தன் எடையாலேயே ஆவியை அடக்கி வைக்கிறது, ஆவி மிகும்போது சற்றே எழும்பி வழிவிடுகிறது. 9 மி.மீ. தோட்டாவோ பிரஷர் குக்கர். குக்கரின் மூடியை எடையால் மட்டும் அடக்கவேண்டுமானால் அதன்மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைக்கவேண்டியிருக்கும். அதனால்தான் மூடியின் காதுகள் பாத்திரத்தின் விளிம்புக்கடியில் புகுந்து பூட்டிக்கொள்கின்றன, ஆவி அடங்கும் வரை அவற்றைத் திருப்பக் கூடாது என்று வீட்டில் எச்சரிக்கிறார்கள். குக்கரில் ரப்பர் வளையம் செய்யும் வேலையைத் துப்பாக்கியில் பித்தளைக் கூடு செய்கிறது. வெடித்த கணத்தில் அது விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்னால் கசியாமல் அடைக்கிறது, அழுத்தம் விழுந்ததும் சுருங்கி விடுபடுகிறது. குக்கரில் ஆவி அடங்கும்வரை காத்திருப்பது சமைப்பவரின் பொறுப்பு. துப்பாக்கியில் அந்தப் பொறுமையையும் இரும்பிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

எட்டு கிராம் எடையுள்ள 9 மி.மீ. குண்டு விநாடிக்கு 350 மீட்டர் வேகத்தில் கிளம்பும்போது, அதன் உந்தம் .32 குண்டின் உந்தத்தைப்போல் இரு மடங்குக்கும் மேல். அதே 300 கிராம் ஸ்லைடு பூட்டில்லாமல் நின்றால், இரு மடங்கு வேகத்தில், ஏறத்தாழ ஐந்து மடங்கு ஆற்றலோடு பின்னால் பாயும். அதைப் பழைய வேகத்துக்கு அடக்க ஸ்லைடு மட்டுமே 650 கிராமுக்கு மேல் எடை கொள்ளவேண்டும். ‘பிரபல்’ ரிவால்வரின் முழு எடையே 700 கிராம்தான். ஆகவே இடுப்பில் சுமக்கத்தக்க 9 மி.மீ. பிஸ்டலில் குழலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு சில மில்லிமீட்டர் தொலைவு சேர்ந்தே பின்வாங்குகின்றன; குண்டு வாயைக் கடந்தபின், குழலின் அடியில் செதுக்கப்பட்ட சரிவு, சட்டத்தில் உள்ள குறுக்குக் கட்டையில் பட்டு, குழலின் பின்நுனியைக் கீழே இழுத்துப் பூட்டை விடுவிக்கிறது; குழல் அங்கேயே நின்றுவிட, ஸ்லைடு மட்டும் தன் வழியே போகிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் குழல் இப்படித் தலையை ஆட்டினாலும் குறி பிறழாததற்குக் காரணம், அது சாயத் தொடங்கும்போது குண்டு ஏற்கெனவே வெளியே போய்விட்டிருப்பதுதான். நவீன அடக்கப் பிஸ்டலின் பெருமை முழுவதும் இந்தச் சாய்வில் இருக்கிறது. அந்தப் பெருமைக்குக் காரணமான தோட்டாவைத்தான் சாதாரண இந்தியக் குடிமகன் வைத்திருக்கக் கூடாது.

வரலாற்றைப் பொறுத்தவரை இரண்டு செய்திகள் போதும். பூட்டில்லாத ஸ்லைடும் சாயும் குழலும் அமெரிக்கரான ஜான் பிரவுனிங்கின் கைவண்ணங்களே. அவருடைய சிறு பிஸ்டல்களைப் பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆயிரக்கணக்கில் செய்து விற்றது, 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டதும் பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டலால்தான். அடக்கமான பிஸ்டல் என்பதே புதுமை என்று விற்கப்படும்போது, வாங்குபவர் இந்தத் தேதியை நினைவில் கொள்வது நல்லது. உண்மையான பிற்காலப் புதுமை, 1982-இல் ஆஸ்திரியப் படை ஏற்றுக்கொண்ட குளோக் பிஸ்டலோடு பரவிய பிளாஸ்டிக் சட்டமும், எஃகின் மேற்பரப்பில் நைட்ரஜனை ஊட்டி அதைக் கடினமாக்கித் துருவைத் தடுக்கும் முறையுமே.

மலைக்கு ஏன் கைத்துப்பாக்கி என்பதையும் கேட்கவேண்டும். .32 பிஸ்டல் குண்டின் ஆற்றல் ஏறத்தாழ 175 ஜூல். தோட்டங்களில் காலங்காலமாக இருந்துவரும் 12-போர் இரட்டைக்குழல் துப்பாக்கியின் ஒரு தோட்டா 2,500 ஜூலைத் தாண்டும். யானையும் காட்டுமாடும் நடமாடும் சரிவில், 175 ஜூலை நம்பி இருட்டில் இறங்குவது விலங்கைக் காயப்படுத்திக் கோபமூட்டுவதற்கே உதவும். அவ்விரண்டும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை என்பது வேறு. ஏலக்காய் விற்ற பணத்தைப் பையில் சுமந்து வரவேண்டியிருந்தது என்ற பழைய காரணமும், மின்னணு ஏலமும் வங்கிக் கணக்கும் வந்தபின் தேய்ந்துவிட்டது. மனிதரால் உண்மையான அச்சுறுத்தல் உள்ள சிலருக்கு மட்டுமே இந்த மாற்றத்தைப் பற்றிய பேச்சு பொருந்தும்.

அந்தச் சிலருக்கு மலையின் ஈரம் ஒரு தனிக் கணக்கு. மலையடிவாரத்து முந்தலில் வெயில் சுட்டுக்கொண்டிருக்க, கொண்டையூசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டை அடைந்தால் மூடுபனி. ஏலச்செடிக்கு உயிரான அதே ஈரம் எஃகின்மேல் படிகிறது. குளிர்ந்த துப்பாக்கியோடு மறுபடி கீழே இறங்கும்போது, வெப்பக் காற்றின் ஈரம் உலோகத்தின்மேல் நீர்த்துளியாக ஒடுங்குகிறது. தோலுறை அந்த ஈரத்தை உறிஞ்சிவைத்துக்கொண்டு, இரவு முழுவதும் எஃகின்மேல் பிடித்திருக்கிறது; பழைய துப்பாக்கிகளின் கருநீல மெருகு என்பது எண்ணெயைப் பிடித்து வைக்கும் மெல்லிய இரும்பு ஆக்சைடு படலமே அன்றி, தானாகத் துருவைத் தடுப்பதன்று. ரிவால்வரில் அறைக்குள் துருப்புள்ளி விழுந்தால், வெடித்தபின் வெறுங்கூட்டைத் தள்ளி எடுப்பது கடினமாகுமே தவிர, விசையை மறுபடி அழுத்தினால் அடுத்த அறை சுழன்று வந்து நிற்கும். பூட்டில்லாத பிஸ்டலிலோ, பித்தளைக் கூடு அழுத்தம் முழுதும் விழுவதற்கு முன்பே வழுக்கி வெளியேறத் தொடங்குவதால், அறையின் சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தாகவேண்டும். அங்கே ஊசிமுனையளவு துருக்குழி இருந்தாலும், விரிந்த பித்தளை அதற்குள் பிதுங்கிப் பற்றிக்கொள்ளும், ஸ்லைடு வேகம் இழக்கும், வெறுங்கூடு பாதி வெளியே வந்து சிக்கி, அடுத்த தோட்டா ஏறாது. எனவே மலையிலிருந்து இறங்கியதும், தோட்டாக்களை முழுதும் எடுத்துவிட்டபின், துப்பாக்கியை உறையிலிருந்து வெளியே வைத்து, குழலின் வாயை விடப் பின்பக்கத்து அறையை முதலில் உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெயை அங்கே தேங்கவிடாமல் ஒற்றி எடுப்பதும், தோலுறையைத் தனியே காற்றாட உலர்த்துவதும் .32 பிஸ்டலுக்கு மாறுபவர் கூடுதலாகக் கற்றுக்கொள்ளவேண்டிய வேலை.