டிபன் டப்பாவோடு கொஞ்சம் சரித்திரமும்!

வேலைக்குக் கிளம்பும் பெண்ணுக்கு நாம் எதையெல்லாம் பார்த்துப் பார்த்துக் கொடுத்தனுப்புகிறோம்! டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், குடை, "வேளைக்குச் சாப்பிடுடி" என்ற உபதேசம். இவற்றோடு இன்னொன்றும் கூடப் போக வேண்டும் என்பேன் நான். அது, நமக்கு முன்னால் வாழ்ந்து காட்டியவர்களின் கதை.

ஐயப்பன்தாங்கலில் வசிக்கும் தலித் குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாக ஆபீஸ் உத்தியோகத்துக்குப் போனவள் என் மூத்த மகள். சேர்ந்த இரண்டாவது வாரமே முகம் வாடி வந்தாள்.

"சொந்த ஊர் எதுன்னு கேட்டாங்கம்மா, சொன்னேன். ஊருக்குள்ள எந்தத் தெருன்னு கேக்குறாங்க."

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களில் பலருக்குத் தெரியும்.

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலே. பெருமையா சொல்லிக்க நமக்கு என்னம்மா இருக்கு?"

என்ன இல்லை? எங்கள் ஊர் வழியாகப் போகும் மெயின் ரோட்டிலிருந்தே ஆரம்பித்தேன். அது பரங்கிமலையையும் பூந்தமல்லியையும் இணைக்கும் ரோடு. அந்தப் பரங்கிமலையில் 1883-ல் பிறந்தவர் எம்.சி. ராஜா. பள்ளிக்கூட ஆசிரியராக வேலை பார்த்தவர், பாடப் புத்தகங்கள் எழுதியவர். பிறகு டில்லியில் மத்திய சட்டசபை வரை போய், ஒடுக்கப்பட்ட மக்களுக்காகக் குரல் கொடுத்தார்.

மூட்டுவலி, தோல் நோய் என்று நம்மில் பலர் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குப் போகிறோம். அங்கிருக்கும் மருத்துவமனைக்கு யார் பெயர் தெரியுமோ? அயோத்திதாச பண்டிதர் பெயர்! 1845-ல் பிறந்தவர், தேர்ந்த சித்த வைத்தியர், பெரிய தமிழறிஞர். 1907-ல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வாரப் பத்திரிகையை நடத்தினார். விலையும் பெயரிலேயே இருக்கிறது பாருங்கள்!

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விடுவேனா? அன்னை மீனாம்பாள் 1904-ல் ரங்கூனில் பிறந்தவர். சின்ன வயசிலேயே கல்யாணம். ஆனாலும் 1928-ல் மேடை ஏறிப் பேசத் தொடங்கியவர், 1945-ல் பம்பாயில் நடந்த தாழ்த்தப்பட்ட பெண்களின் அகில இந்திய மாநாட்டுக்கே தலைமை வகித்தார். அவர் கணவர் என். சிவராஜ் சட்டக் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்தவர், 1945-ல் சென்னை மேயரானவர். அதே மேயர் நாற்காலியில் 2022-ல் ஆர். பிரியா அமர்ந்தபோது அவருக்கு வயது 28. சென்னைக்கு மேயரான முதல் தலித் பெண் அவர்தான்.

என் பெண் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "இதையெல்லாம் ஸ்கூல்ல யாரும் சொல்லலையேம்மா!"

சொல்லாவிட்டால் நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் அப்படித்தான் செய்தார்கள். அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்து, சரித்திரப் பேராசிரியராக உயர்ந்தவர் கார்ட்டர் உட்சன். தங்கள் முன்னோரின் கதை பாடப் புத்தகத்தில் இல்லையே என்று, 1926-ல் பிப்ரவரி மாதத்தில் ஒரு வாரத்தை அதற்கென்றே ஒதுக்கினார். 1976 முதல் அது மாதம் முழுவதும் நடக்கிறது. அங்கே பள்ளிக்கூடங்களில் மட்டுமல்ல, ஆபீசுகளிலும் கொண்டாடுகிறார்கள். முன்னே போனவர்களின் கதையைக் கேட்டால், இன்று வேலைக்குச் சேரும் இளைஞர்களுக்கு 'நானும் இங்கே இருக்க வேண்டியவன்தான்' என்ற தெம்பு வருமல்லவா?

அதைப் பார்த்து நம் நாட்டுத் தலித் பெண்கள் சிலர் 2015-ல் தொடங்கியதுதான் தலித் வரலாற்று மாதம். டாக்டர் அம்பேத்கர் பிறந்த ஏப்ரலையே அதற்கு எடுத்துக்கொண்டார்கள்.

நம் வீட்டிலும் இதைச் செய்யலாம். பெரிய செலவில்லை. ஏப்ரலில் ராத்திரி சாப்பாட்டு வேளையில் தினம் ஒருவர் கதையைச் சொல்லுங்கள். புத்தகத்தில் உள்ளவர்கள் மட்டும் வேண்டாம். கூலி வேலைக்குப் போய்க்கொண்டே பிள்ளைகளைப் படிக்க வைத்த உங்கள் பாட்டியின் கதையும் சரித்திரம்தான். மாமியார், அம்மா உயிரோடு இருக்கும்போதே கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

மற்றச் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைகளுக்கும் இந்தப் பெயர்களைச் சொல்லிக் கொடுங்கள். ஆபீசில் புதிதாக ஒரு பெண் வந்தால் 'எந்தத் தெரு?' என்று கேட்காமல், 'வாங்க, சேர்ந்து சாப்பிடலாம்' என்று கூப்பிடச் சொல்லுங்கள். அந்தப் பழக்கத்தை வீட்டில் நாம்தானே கற்றுத் தர முடியும்?