தவக்காலம்: நாற்பது நாள் நோன்பு

பெரும்பாலும் மாசி மாதத்தில் வரும் ஒரு புதன்கிழமை. கிறிஸ்தவர் சிலர் நெற்றியில் சாம்பலால் சிலுவை இட்டிருப்பார்கள். பார்த்திருக்கிறீர்களா? அதுதான் சாம்பல் புதன். அன்று தவக்காலம் தொடங்குகிறது. இதை லெந்து காலம் என்றும் சொல்வார்கள்.

இந்தச் சாம்பல் எப்படிக் கிடைக்கிறது? போன ஆண்டு குருத்து ஞாயிறு அன்று மந்திரித்த ஓலைகளை எரிப்பார்கள். அந்தச் சாம்பல்தான் இது. மனிதன் ஒருநாள் மண்ணாகிப் போவான். உயிரோடு இருக்கும்போதே திருந்தி வாழவேண்டும். இதுவே அதன் பொருள்.

கணக்குப் போடுவோம்

சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை வரை எண்ணுங்கள். 46 நாள் வரும். அதில் 6 ஞாயிறு. ஞாயிறு நோன்பு நாள் அல்ல. 46இல் 6 போனால் மீதி 40. இயேசு பாலைவனத்தில் 40 நாள் நோன்பு இருந்தார் என்று பைபிள் சொல்கிறது. அதன் நினைவாகவே இந்த நோன்பு.

மூன்று கடமைகள்

ஜெபம், நோன்பு, தருமம். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் தவக்காலம். பலர் இறைச்சி உண்பதில்லை. அதில் மிச்சமாகும் காசை ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். வயிறு பசித்தால்தான் அடுத்தவர் பசி தெரியும், இல்லையா?

துக்க வீட்டுக்கு அப்பம்

கேரளத்தில் சிரியன் கிறிஸ்தவர்கள் பெரிய வியாழன் இரவில் பெசகா அப்பம் செய்வார்கள். பச்சரிசி மாவும் உளுந்தும் சேர்த்து, புளிக்க வைக்காமல் வேகவைப்பார்கள். தேங்காய்ப் பாலும் வெல்லமும் சேர்த்துப் பால் காய்ச்சுவார்கள். வீட்டுக்கு மூத்தவர் அப்பத்தைப் பிட்டு எல்லோருக்கும் கொடுப்பார்.

அந்த ஆண்டு சாவு விழுந்த வீட்டில் அப்பம் செய்வதில்லை. அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுப்பார்கள். "உங்கள் துக்கத்தில் நாங்களும் இருக்கிறோம்" என்று வாயால் சொல்ல வேண்டியதே இல்லை. மருந்தால் ஆறாத புண் இப்படித்தான் ஆறும்.

உடம்பையும் பாருங்கள்

கத்தோலிக்கச் சபையில் ஒருசந்தி இருப்பது 18 வயது நிறைந்தவர்களுக்குத்தான். அதுவும் 59 வயது நிறையும் வரைதான். நோயாளிகளுக்குக் கட்டாயம் இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர், கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய் பட்டினி கிடக்கக் கூடாது. மாத்திரையையும் நிறுத்தக் கூடாது.

சிலர் இந்த 40 நாளும் குடிப்பதில்லை. வீட்டில் சண்டை குறைகிறது. கூலி வீடு வந்து சேருகிறது. 40 நாள் முடிந்தால் 41ஆம் நாளும் முடியும். அந்த நம்பிக்கைதான் பெரிது.

ஆனால் ஒன்று. பல ஆண்டாகத் தினமும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும். வலிப்பு வரலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் அரசு மருத்துவமனைக்குப் போய் டாக்டர் சொல்கிறபடி நிறுத்தவேண்டும். 14446 என்ற எண்ணில் இலவசமாகப் பேசி உதவி கேட்கலாம்.

நன்றித் திருநாள்

பெரிய வெள்ளி இயேசு சிலுவையில் இறந்த நாள். மூன்றாம் நாள் ஈஸ்டர். அவர் உயிர்த்தெழுந்ததை அன்று நன்றியோடு கொண்டாடுகிறார்கள். துன்பத்துக்கு ஒரு முடிவு உண்டு என்பதே அந்த நாளின் செய்தி.

சிந்திப்போம்

1. நோன்பில் மிச்சமாகும் காசை என்ன செய்கிறார்கள்?
2. யார் யார் பட்டினி கிடக்கக் கூடாது?
3. துக்கம் நடந்த வீட்டுக்கு உங்கள் ஊரில் என்ன கொண்டுபோவார்கள்? நான்கு வரி எழுதுங்கள்.