எட்டு மணிக்கு அணையும் கம்ப்யூட்டர்

"மாமா, திரும்பவும் ஆஃப் ஆகிட்டு." அக்கா மகன் போனில் சொல்லும்போது மணி எட்டேகால். ஒரு வாரமாக இதே கதைதான். பகலில் படம் ஓடுகிறது, காலேஜ் ப்ராஜெக்ட் ஓடுகிறது. ராத்திரி கேமைத் திறந்து, சண்டை சூடுபிடிக்கிற நேரத்தில் பொசுக்கென்று அணைகிறது. சில நாள் நீலத் திரை வருகிறது. கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, புதிது வாங்கத்தான் வேண்டும் என்று நண்பர்கள் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள்.

கார்டின் மேல் பழிபோடுவது உலக வழக்கம். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை பிராசஸர்கள் சில, கேம் நடுவே காலை வாரிய விவகாரம் 2024இல் பெரிதாக வெடித்தது. கேம்கள் மூடும்போது வீடியோ மெமரி போதவில்லை என்று செய்தி காட்டின, கோளாறோ பிராசஸரில். தேவைக்கு மேல் வோல்டேஜ் ஏறி அது உள்ளேயே நலிந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் 2024இல் இன்டெல் மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டது, வாரன்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. அந்தச் சிப் வைத்திருப்பவர்கள் முதலில் பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும். ஏற்கெனவே நலிந்த சிப் அப்டேட்டில் தேறாது, மாற்றத்தான் வேண்டும்.

மருமகனுடையது அந்தச் சிப் இல்லை. மறுநாள் சாயங்காலம் ஸ்குரூ டிரைவரோடு திரேஸ்புரம் போனேன். முத்துக்குளிப்பு நின்றுபோய், சங்கு குளிக்கிறவர்கள் மிச்சமிருக்கிற பகுதி. அக்கா வீட்டு மாடி ஜன்னலைத் திறந்தால் கடல். ஜன்னலுக்கு நேர் கீழே கேபினட்.

விழுகிற விதத்தைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது. கேம் மட்டும் மூடிக்கொண்டால் டிரைவரையும் கேம் ஃபைலையும் முதலில் பார்க்கலாம். நீலத் திரை என்றால் பெரும்பாலும் ரேம் அல்லது டிரைவர். ஒரு எழுத்தும் காட்டாமல் அணைந்தால் பெரும்பாலும் கரன்ட், இல்லையென்றால் சூடு. ஈவன்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்ற வரியைப் பார்த்து மருமகன் பதறியிருந்தான். ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்பதற்கு மேல் அந்த வரிக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் நோயாளிக்கு நீலத் திரையும் உண்டு, திடீர் மரணமும் உண்டு. இரண்டு வியாதி என்றுதான் தோன்றியது.

மூடியைக் கழற்றினேன். ஸ்குரூ தலையெல்லாம் செந்துரு. ஃபேன் இறக்கையில் இருந்த தூசியை விரலில் தேய்த்தால் பிசுபிசுத்தது. உப்பு! காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். அடுக்களை ஜாடியில் தினமும் பார்ப்பதுதான். மதர்போர்டின் மேல் அது நடந்தால் அந்த ஈரம் கரன்ட்டைக் கடத்தும், செம்பை அரிக்கும். கடல்காற்று போதாதென்று ஊரைச் சுற்றி உப்பளங்கள் வேறு. ரேமை உருவினால், பொன்னிறமாக இருக்க வேண்டிய பற்கள் மங்கி, ஓரத்தில் லேசான பச்சை. பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பிரஷ்ஷை நனைத்துத் துடைத்தேன். படகு மோட்டாரென்றால் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு அலசிவிடலாம். இதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்க ஓடியது, ஒரு பிழையும் இல்லை. நீலத் திரை அதோடு போனது.

எட்டு மணிச் சாவு மட்டும் போகவில்லை. அடுத்த நாள் ராத்திரி கேமை ஓடவிட்டுப் பார்த்தோம், பிராசஸர் சூடு 75 டிகிரியைத் தாண்டவில்லை. 100ஐ நெருங்கினால்தான் அது தானாக வேகத்தைக் குறைக்கும், அதற்கும் அடங்காவிட்டால் அணையும். அப்போதுதான் டியூப்லைட் ஒரு நொடி மங்கியது. மேஜைக்குக் கீழே யுபிஎஸ் 'டக்' என்றது. திரை இருண்டது.

யுபிஎஸ் முதுகில் 600 விஏ என்று ஒட்டியிருந்தது. வாட்டில் சொன்னால் சுமார் 360. சும்மா இருக்கையில் இந்த பிசி நூறு வாட்டுக்குள் அடங்கும். கேமில் கார்டு மட்டுமே 170 தின்னும். பிராசஸர், மானிட்டர் சேர்ந்தால் 300ஐத் தாண்டும், இடையிடையே கண நேரத்துக்கு இன்னும் எகிறும். எட்டு மணிக்குத் தெருவில் ஏசிகள் ஒவ்வொன்றாகக் கிளம்ப, வோல்டேஜ் இறங்குகிறது. யுபிஎஸ் பேட்டரிக்குத் தாவுகிறது. நாலு வருஷத்துப் பேட்டரி அந்தச் சுமையில் படுத்துவிடுகிறது.

சோதித்துப் பார்த்தோம். பிரவுசர் மட்டும் திறந்திருக்கும்போது யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்கினேன், ஓடியது. கேமை ஓடவிட்டுப் பிடுங்கினேன். அந்த நொடியே அணைந்தது. மருமகன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அவன் சேவ் பண்ணவில்லையாம்.

புது யுபிஎஸ் 1,100 விஏ. புதுக் கார்டின் விலையில் கால்வாசிகூட ஆகவில்லை. ஜன்னலைச் சாத்தி வைக்கச் சொன்னதற்கு மட்டும் அக்கா ஒப்பவில்லை. "புழுங்கிச் சாகவாடா சொல்லுத? எனக்குக் காத்து வேணும்." எனவே கேபினட்தான் மேஜையோடு எதிர்ச்சுவருக்கு நகர்ந்தது. இப்போது அங்கே வைஃபை சரியாக எட்டவில்லை என்று எட்டேகாலுக்குப் போன் வருகிறது.