உருண்டை மரவட்டைகள்: வகுப்பும் பரம்பலும்

உயிர்களை அறிவின் அளவு நோக்கி ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் ஈறாகத் தொல்காப்பியர் வகுத்தார். எறும்பும் சிதலும் அவர்க்கு மூவறிவின. நண்டும் தும்பியும் நாலறிவின. இக்கால விலங்கியலாரோ உடலமைப்பையும் வழிமுறையையும் கொண்டு வகுப்பர். புறத்தோற்றத்தை மட்டும் நம்பினால் எத்துணை வழுவ நேரும் என்பதை உருண்டை மரவட்டைகள் காட்டுகின்றன.

மாரி தொடங்கியதும் காரைநகரில் வேலியோரத்தும் கிணற்றடியிலும் ஊரும் மரவட்டைகளை அறியாதார் இலர். தொட்டவுடன் இவை சுருளுமேயன்றி உருண்டையாகா. தலையும் காலும் வெளித்தோன்றாவண்ணம் பந்துபோல் திரளும் மரவட்டைகள் வேறாவன. அவற்றிற்கு உக்கிய இலை செறிந்த ஈரக்காடு வேண்டும். இலங்கையின் தென்மேற்குக் காடுகள் அத்தகையன.

ஐரோப்பாவிலும் உருளும் மரவட்டைகள் உள. அவை குளோமெரிடே என்னும் குடும்பத்தின. அங்கே நண்டினத்தோடு உறவுடைய பூச்சி போன்றதோர் உயிரும் அவ்வாறே உருளும். மூன்றையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பவன் ஒரே குலத்தன என்று மயங்குவான். எண்ணிப் பார்க்கின் மயக்கம் தீரும். ஐரோப்பிய மரவட்டைக்கு உடற்றுண்டங்கள் 12. நம் நாட்டதற்கு 13. முன்னதில் பெண்ணுக்குக் கால்கள் 17 சோடி, ஆணுக்கு 19 சோடி. பின்னதில் முறையே 21, 23. ஐரோப்பியது தன்னைத் தாக்கும் சிலந்தியை மயக்கவல்ல நஞ்சைச் சுரக்கும். நம் நாட்டதற்கு நஞ்சுச் சுரப்பியே இல்லை. தடித்த முதுகுத்தகடுகளே காவல். இதன் ஆண், உருண்டு கிடக்கும் பெண்ணைத் தன் கடைக்கால்களை உரசி எழுப்பும் ஒலியால் விரியச்செய்யும் என்பது வியப்புக்குரியது. ஆதலின் இவ்விரண்டும் வெவ்வேறு வருணங்களில் வைக்கப்பட்டன.

நம் நாட்டது சேர்ந்த வருணம் நான்கு குடும்பங்களை உடையது. ஒன்று தென்னாபிரிக்காவிலும், ஒன்று அவுத்திரேலியா நியூசீலாந்திலும், ஒன்று தென்கிழக்காசியாவிலும் வாழ்கின்றன. எஞ்சிய ஆர்த்ரோசுபேரிடே குடும்பம் தென்னிந்தியா, இலங்கை, மடகசுக்கார் என்னும் நிலங்களுக்குரியது. சுவிற்சர்லாந்து அறிஞர் உம்பேர் இலங்கை மரவட்டைகளைப் பற்றி 1865 இல் வெளியிட்ட நூலில் இக்குடும்பத்து இனமொன்றை விவரித்தார்.

இடையே இத்துணை கடல் கிடக்க, நடையிலே இத்துணை மந்தமான உயிர் எவ்வாறு இருகரையிலும் வாழ்கின்றது? 2010 இல் வெளிவந்த ஆய்வொன்று பரம்பரையலகுகளை ஒப்பிட்டது. மடகசுக்காரில் வாழும் சுபேரோமைமசு என்னும் சாதி, அத்தீவிலுள்ள பிற சாதிகளினும் இந்தியச் சாதிக்கே நெருங்கிய உறவினது எனக் கண்டது. ஏறத்தாழ 8 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மடகசுக்காரினின்று இந்திய நிலம் பிரிந்து வடக்கே நகர்ந்தது. அப்பிரிவுக்கு முன்னரே இக்குடும்பம் கிளைத்திருத்தல் வேண்டும். ஓரிடத்து வாழ்தல் உறவுக்குச் சான்றாகாது என்பது இதனாற் பெறப்படும்.

காரைநகரை யாழ்ப்பாணத்தோடு இணைக்கப் பொன்னாலைத் தாம்போதி உண்டு. காடு துண்டுபட்ட மலைச்சரிவுகளில் வாழும் இவ்வுயிர்க்கு அத்தகைய வழி யாதும் இல்லை. 19 ஆம் நூற்றாண்டிலே கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாக அழிக்கப்பட்ட மலைக்காட்டின் எச்சங்கள் இதற்குத் தீவுகள் போல்வன. இடையிலுள்ள தோட்ட நிலம், வெயில் படும் உலர்தரையாதலின், கடலை ஒப்ப அரிதிற் கடக்கற்பாலது.