உஷார்! "புயல் இல்லையாம், வெறும் தாழ்வு மண்டலம்தானாம்" என்று யார் சொன்னாலும் நம்பி உட்காராதீர்கள்

ஐப்பசி பிறந்தால் போதும், புதுச்சேரியில் பிள்ளைச்சாவடி கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவர் முதல் பாகூரில் சம்பா நட்டு நிற்பவர் வரை எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "புயலாமே, உண்மையா?" இல்லை என்று பதில் வந்துவிட்டால் நிம்மதியாகப் படுத்துவிடுகிறோம். அந்த நிம்மதிதான் ஆபத்து. உயிரும் மாடும் வீடும் போவதற்குப் புயல் என்ற பட்டம் தேவையே இல்லை.

2024 நவம்பர் கடைசியை மறந்திருக்க மாட்டீர்கள். கரையைக் கடக்கும்போது ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகத்தான் இருக்கும் என்று முதலில் கணிப்பு வந்தது. 29ஆம் தேதி பிற்பகல் அது ஃபெஞ்சல் புயலாக உருவெடுத்தது. 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையேறியது. ஏறியதும் நகர்ந்து போகவில்லை. பல மணி நேரம் நம் தலைக்கு மேலேயே நின்றுவிட்டது. டிசம்பர் 1 காலைக்குள் 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் கொட்டியது ஏறத்தாழ 48 செ.மீ. தமிழ்நாட்டுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதத்துக்கும் சேர்த்துச் சராசரி மழையே சுமார் 44 செ.மீ.தான். தமிழ்நாட்டின் மூன்று மாதச் சராசரியைத் தாண்டிய மழை இங்கே ஒரே நாளில் இறங்கியது. ராணுவம் வந்து வீடுகளிலிருந்து ஆட்களைப் படகில் மீட்க வேண்டியதாயிற்று.

அந்த ஃபெஞ்சல் பெரிய புயலா? இல்லை. புயல்களிலேயே கடைசிப் படி அது. காற்று மணிக்கு 70, 80 கிலோமீட்டர், இடையிடையே 90. அதற்கு 13 வருடம் முன்னால், 2011 டிசம்பர் 30 காலையில் வந்த தானே புயலுக்கு 140 கிலோமீட்டர் வேகம். மரங்களையும் மின்கம்பங்களையும் முறித்துப் போட்டது. தானேயின் நினைவில் ஃபெஞ்சலை அளந்தவர்கள் ஏமாந்தார்கள். வானிலை ஆய்வு மையம் தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல், தீவிரப் புயல் என்று படி பிரிப்பது காற்றின் வேகத்தை வைத்து மட்டுமே. 61 கிலோமீட்டர் வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62ஐத் தொட்டால் புயல். மழை எவ்வளவு, கடல் எவ்வளவு ஏறும், ஆற்றில் எவ்வளவு வரும் என்பதற்கெல்லாம் அந்தப் பெயரில் இடம் கிடையாது. மழைக்குத் தனிக் கணக்கு இருக்கிறது: 6.5 செ.மீ.க்கு மேல் கனமழை, 11.5க்கு மேல் மிக கனமழை, 20.4ஐத் தாண்டினால் அதி கனமழை. அறிக்கை வந்தால் அதைப் பாருங்கள். "ஓரிரு இடங்களில் அதி கனமழை" என்று படித்ததும் அது வேறு ஊருக்கு என்று கடந்துபோகாதீர்கள். அந்த ஓரிரு இடங்களில் ஒன்று நம் ஊராக இருந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு முறை பார்த்துவிட்டோம்.

வில்லியனூர், பாகூர் பக்கத்துக்காரர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். உங்கள் ஊர் மழையை மட்டும் பார்த்தால் போதாது. டிசம்பர் 1ஆம் தேதி ஃபெஞ்சல் வலுவிழந்து மேற்கே நகர்ந்தது. புதுச்சேரிக்கு ஆபத்து தீர்ந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஆனால் அது போகிற வழியில் விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. ஊத்தங்கரையில் மட்டும் ஒரே நாளில் 50 செ.மீ. அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி பாகூரை ஒட்டி ஓடும் தென்பெண்ணைக்குத்தான் வந்து சேர வேண்டும். சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 விடியற்காலையில் வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி வரை திறந்துவிட்டார்கள். பாகூர் பக்கத்தில் வானம் வெளுத்த பிறகு வந்தது அந்த வெள்ளம். நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி விடியும் முன்பே திறந்த தண்ணீர் சோரியாங்குப்பம், குருவிநத்தம் பக்கம் கரையை மீறி ஊருக்குள் நுழைந்தது.

ஆகவே பாகூர் கொம்யூனில் இருப்பவர் புதுச்சேரிக்கு என்ன எச்சரிக்கை என்று பார்த்துவிட்டு செல்போனை மூடி வைக்கக் கூடாது. திருவண்ணாமலைக்கும் கிருஷ்ணகிரிக்கும் என்ன நிறம் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சாத்தனூருக்கு எவ்வளவு வருகிறது, எவ்வளவு திறக்கிறார்கள் என்று பாருங்கள். வில்லியனூர், திருக்காஞ்சி பக்கம் சங்கராபரணி ஓரம் குடியிருப்பவர்களுக்கு வீடூர் அணைதான் கணக்கு. மழை விட்டு ஒன்றரை நாள் ஆகும் வரை ஆற்றங்கரையில் மாட்டைக் கட்டாதீர்கள். பம்பு மோட்டாரை முன்கூட்டியே கழற்றி மேலே ஏற்றுங்கள். ராத்திரி கொட்டகையில் மாட்டைக் கட்டியே வைக்க வேண்டியிருந்தால், தண்ணீர் ஏறும்போது ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுங்கள்.

நிறத்தைச் சொன்னேன். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு. ஆரஞ்சு என்றால் தயாராகிவிடு. சிவப்பு என்றால் தயாராகும் நேரம் முடிந்தது, செயலில் இறங்கு. நம்மில் பலர் சிவப்பு வந்த பிறகுதான் மெழுகுவத்தி வாங்கக் கடைக்கு ஓடுகிறோம்.

இனி கடல். பிள்ளைச்சாவடிக்காரர்களுக்குக் கடலைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வீட்டைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது மாமல்லபுரம் அருகே, இங்கிருந்து வடக்கே வெகுதூரத்தில். அப்போதும் பிள்ளைச்சாவடியில் அலை வீடுகளை இடித்து இழுத்துக்கொண்டு போனது. 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து வரும் மணலை மறித்துவிட்டன. மணல் வராத கரை தேய்ந்துகொண்டே வருகிறது. ஓரிடத்தில் கல்லைக் கொட்டினால் அரிப்பு அடுத்த குப்பத்துக்கு வடக்கே நகர்கிறது. அலையின் வேகத்தைத் தாங்க முன்பு அகலமான மணல்வெளி இருந்தது. இன்று பல இடங்களில் அலைக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. எனவே புயல் எங்கே கரையேறுகிறது என்ற கேள்வி இந்த ஊருக்குப் பொருந்தாது. அலை எத்தனை மீட்டர் என்பதுதான் கேள்வி. ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் கரையோரத்துக்கு அலை உயரத்தைத் தினமும் சொல்கிறது. பேரலை எச்சரிக்கை வந்தால் கடலோர முதல் வரிசை வீடுகளில் அன்று இரவு யாரும் படுக்க வேண்டாம். வெயில் அடித்தாலும் வேண்டாம்.

தொழிலுக்குப் போகிறவர்களுக்கு: துறைமுகத்தில் 1, 2ஆம் எண் கூண்டு ஏற்றினால் ஆபத்து தொலைவில் இருக்கிறது. 3, 4 என்றால் நம் துறைமுகத்துக்கே மிரட்டல் வந்துவிட்டது. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். வாடைக் காற்று காலத்தில் "சூறாவளிக் காற்று 35 முதல் 45 கிலோமீட்டர், இடையிடையே 55" என்ற அறிவிப்பு அடிக்கடி வருவதால் காதுக்குப் பழகிவிட்டது. ஃபைபர் படகைக் கவிழ்க்க அந்த 55 போதும். ஆழ்கடலில் பல நாள் தங்குகிறவர்கள் 2017 ஒக்கியை நினைத்துப் பாருங்கள். நவம்பர் 29இல் தாழ்வு மண்டலம், மறுநாள் காலையில் புயல். முன்பே கடலுக்குப் போயிருந்த குமரி மீனவர்களுக்குச் சேதி போய்ச் சேரவில்லை. தாழ்வுப் பகுதி உருவாகிறது என்ற முதல் செய்திக்கே படகைத் திருப்புங்கள். ஒரு நடைக்கான டீசல் நஷ்டம்தான், போகட்டும்.

விமானத்தில் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஃபெஞ்சல் அன்று சென்னை விமான நிலையம் 30ஆம் தேதி நண்பகலிலிருந்து நள்ளிரவைத் தாண்டியும் மூடிக் கிடந்தது. ஈசிஆரிலும் ஓஎம்ஆரிலும் பஸ்ஸை நிறுத்தினார்கள். 2024 டிசம்பரில் நம் லாஸ்பேட்டைக்கே பெங்களூரு, ஐதராபாத் விமானம் வரத் தொடங்கியது. ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர், வந்து போவது சிறிய ஏடிஆர் விமானம். விமானிக்கு முக்கியம் மழையின் அளவு மட்டும் அல்ல. மேகம் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது, பாதை கண்ணுக்குத் தெரிகிறதா, காற்று பக்கவாட்டில் எவ்வளவு தள்ளுகிறது என்பதுதான். ஊரில் தூறல்கூட இல்லாத நேரத்தில் விமானம் ரத்தாகலாம். வெளிநாட்டுக்குப் போகும் பிள்ளைகள் ஆரஞ்சு எச்சரிக்கை வந்த நாளிலேயே சென்னைக்குப் போய்த் தங்கிவிடுங்கள். கடைசி நேரத்தில் காரை எடுத்துக்கொண்டு ஈசிஆரில் இறங்காதீர்கள்.

பிள்ளைச்சாவடி புதுச்சேரி, பக்கத்துப் பொம்மையார்பாளையம் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம். நடுவில் மாநில எல்லை இருப்பதால் ஒரே கடற்கரைக்கு இரண்டு அரசின் அறிவிப்பு வருகிறது. விழுப்புரத்துக்கு என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்த்தே பாருங்கள். இரண்டில் எது கடுமையோ அதன்படி நடங்கள். அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: சாத்தனூரிலும் வீடூரிலும் மதகைத் தூக்கும் முன்பே பாகூர், வில்லியனூர் ஊர்களில் ஒலிபெருக்கி ஒலிக்க வேண்டும். தூங்கும் ஊரை எழுப்ப வாட்ஸ்அப் செய்தி போதாது.

இடி மின்னலைக் காட்டும் தாமினி செயலியையும் வானிலை மையத்தின் மௌசம் செயலியையும் இன்றே இறக்கிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 1077 அல்லது 112, கடலில் சிக்கினால் கடலோரக் காவல் படைக்கு 1554. இந்த மூன்று எண்களையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். செல்போன் சார்ஜ் தீர்ந்தாலும் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிடலாம்.