சேர்வராயன் உச்சியில் தொலைந்த நாற்பது நிமிடம்

போன நவம்பரில் மகளோடு ஏற்காடு போயிருந்தேன். சேர்வராயன் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் மேகம் இறங்கிவிட்டது. பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. கார் நின்ற இடம் 400 மீட்டர்கூட இருக்காது. நேரா நடந்தா போச்சுன்னு கிளம்பினேன். இருபது நிமிடம் கழித்து, நாங்கள் ஏற்கெனவே தாண்டிய அதே பாறை மறுபடி எதிரே வந்தது. மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கும் பயம் வந்தது.

இந்த மேகம் எங்கிருந்து வருது? கணக்கு ரொம்ப எளிது. காற்றின் வெப்பநிலையிலிருந்து பனிநிலையைக் கழித்து 125-ஆல் பெருக்கினால், தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் மேகம் தொடங்கும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். சேலத்தில் 28 டிகிரி, பனிநிலை 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 8. அப்படியென்றால் 1,000 மீட்டர். சேலமே சுமார் 280 மீட்டரில் இருக்கிறது, ஆக மேகம் 1,280-இல் ஆரம்பிக்கும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், கோயில் இருக்கும் உச்சி 1,600-க்கும் மேல். கீழே இருந்து பார்க்கிறவருக்கு அது மேகம், மேலே நிற்கிற நமக்கு மூடுபனி.

சரி, ஏன் வட்டமடிச்சோம்? 2009-இல் யான் சோமன் குழு ஜெர்மனியின் காட்டிலும் துனிசியாவின் சஹாராவிலும் ஆட்களை நடக்கவிட்டுப் பார்த்தது. சூரியன் தெரிந்தபோது ஓரளவு நேராக நடந்தார்கள். மறைந்தபோது, தங்களுக்கே தெரியாமல் வட்டமடித்தார்கள். கண்ணைக் கட்டிவிட்டால் 20 மீட்டர் விட்டமுள்ள சின்ன வட்டம்கூட வந்தது. சாதாரணமாகச் சரிவை வைத்து ஏறுகிறோமா இறங்குகிறோமா என்றாவது புரியும். சேர்வராயன் உச்சி தட்டையானது, அந்தத் துப்பும் கிடைக்காது.

ஐரோப்பாவின் பனியாறுகளில் ஸ்கீ கட்டிக்கொண்டு, லிஃப்ட் இல்லாமல் சொந்தக் காலால் ஏறிப் போகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான், பல மடங்கு கொடூரமாக. தரையும் வெள்ளை, வானமும் வெள்ளை. நிழலே விழாது. காலுக்கடியில் பனி மூடிய பிளவுகள் இருக்கும், அதனால் ஒருவரோடொருவர் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். 2018 ஏப்ரல் கடைசியில் சுவிஸ் ஆல்ப்ஸில் 14 பேர் புயலில் வழி தவறி, இரவு முழுவதும் வெட்டவெளியில் கிடந்தார்கள். வின்யெட் தங்குமிடம் அங்கிருந்து சுமார் அரை கிலோமீட்டர்தான். அவர்களில் 7 பேர் இறந்துபோனார்கள்.

அரை கிலோமீட்டரைத் தவறவிட முடியுமா? 5 டிகிரி திசை பிசகினால் 400 மீட்டரில் 35 மீட்டர் விலகிவிடுவோம். பத்தடிதான் தெரியும் என்றால், காரைத் தாண்டிப் போனதே தெரியாது.

எங்களைக் காப்பாற்றியது, சத்தம் கேட்டு வந்த ஒரு எஸ்டேட் தொழிலாளி. "பாப்பாவ வெச்சுக்கிட்டு எங்கீங்க சார் சுத்தறீங்க? இந்த வேலியப் புடிச்சுக்கிட்டே போங்க, ரோடு வந்துரும். வேலிய மட்டும் உட்றாதீங்க" என்றார். பிறகு படித்துப் பார்த்தால், மலையேறிகளும் இதைத்தான் முதல் பாடமாகச் சொல்கிறார்கள்: வேலி, ஓடை, பாறைவிளிம்பு என ஏதாவது ஒரு கோட்டைக் கைப்பிடி போலப் பிடித்துக்கொண்டு போ.

இன்னொரு உத்தியும் உண்டு: வேண்டுமென்றே தப்பாகக் குறிவைப்பது. கார் குறுக்கே ஓடும் ரோட்டில் நிற்கிறது என்றால், திசைகாட்டியில் பத்து டிகிரி இடப்பக்கமாகவே போங்கள். 400 மீட்டரில் 70 மீட்டர் இடப்பக்கம் போய்ச் சேருவோம். 5 டிகிரி பிசகினாலும் இடப்பக்கம்தான். ரோட்டைத் தொட்டதும் யோசிக்காமல் வலப்பக்கம் திரும்பலாம்.

பனியாற்றில் வேலியும் கிடையாது, ரோடும் கிடையாது. அதனால் அங்கே வானிலை கெடும் என்று தெரிந்தால் கிளம்பாமல் இருப்பதும், பாதியில் திரும்புவதும்தான் நல்ல முடிவு. நான் அன்றைக்குக் கோயில் வாசலிலேயே மேகம் விலகும்வரை உட்கார்ந்திருக்கலாம். இப்போதெல்லாம் கிளம்புவதற்கு முன் மகளே சேலத்து வெப்பநிலையைப் பார்த்து அந்தக் கழித்தலைப் போட்டுவிடுகிறாள்.